மாவட்ட மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும் பிஜி மருத்துவர்களுக்கு முறையான ஒப்பந்தம் வேண்டும்

தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்துக்கும், தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாவட்ட ரெசிடென்சி திட்டத்தில் பிஜி மாணவர்கள், அதாவது முதுநிலை மருத்துவம் படிப்பவர்கள், எங்கள் வார்டுக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய லாக்புக்கில் (பயிற்சிக் குறிப்பேட்டில்) கையெழுத்துப் போடுவதும், நன்றாக முடித்தார் என்று கடைசியில் எழுதிக் கொடுப்பதும் என்னைப் போன்றவர்களின் வேலை. அவர்களை அனுப்பும் கல்லூரிக்கும் அவர்கள் வந்து சேரும் மருத்துவமனைக்கும் நடுவே என்ன எழுத்தில் இருக்க வேண்டும் என்பது பற்றித்தான் இந்த மடல். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி, மருத்துவமனை, மாணவர் மூவரும் கையெழுத்திடும் ஒரே மாதிரியான ஒப்பந்தப் படிவத்தை நீங்கள் வெளியிட வேண்டும். அந்தத் தாள் கையில் இல்லாமல் எந்த மாணவரையும் எந்த மருத்துவமனைக்கும் அனுப்பக்கூடாது.

2020 செப்டம்பரில் இந்தத் திட்டத்தை அறிவித்தார்கள். எம்.டி., எம்.எஸ். படிப்பவர்கள் எல்லோரும் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பருவங்களில் ஏதோ ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையிலோ மாவட்ட சுகாதார அமைப்பிலோ தங்கிப் பயிற்சி பெற வேண்டும். அதைத் திருப்திகரமாக முடித்தால்தான் இறுதித் தேர்வு எழுத முடியும். ஆணையத்தின் 2023 முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறையும் இதை அப்படியே தொடர்கிறது.

இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை. பெரிய கல்லூரி மருத்துவமனைக்கு வரும் நோயாளி பெரும்பாலும் இரண்டு மூன்று இடம் பார்த்துவிட்டு, கையில் ஒரு கட்டு ரிப்போர்ட்டோடு வருபவர். எங்களிடம் வருபவர் காய்ச்சல் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருவார். அது டெங்குவா, ஸ்க்ரப் டைபஸா, எலிக்காய்ச்சலா என்று அக்குளிலும் இடுப்பிலும் ஸ்க்ரப் டைபஸின் அடையாளமான கருப்புப் பொருக்கைத் தேடிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பாம்புக்கடிக்கு முதல் ஊசி போடுவது நாங்கள்தான். காசநோயாளிகளில் யாரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று எடை, ஆக்சிஜன் அளவு, நிற்க முடிகிறதா என்பதை வைத்துப் பிரிக்கும் முறை 2022 முதல் நம் மாநிலத்தில் நடக்கிறது. அதைப் பாடத்தில் படிப்பது வேறு, மாவட்டத்தில் நின்று பார்ப்பது வேறு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வீடு மாத்திரை எப்படிப் போகிறது, எங்கே விட்டுப்போகிறது என்பதும் இங்கேதான் தெரியும். மூன்று மாதம் இதையெல்லாம் பார்த்த மாணவர் நல்ல மருத்துவராகத்தான் திரும்பிப் போகிறார். நான் கண்ணால் கண்டது இது.

சரி, அப்படியென்றால் எங்கே குறை? மாணவர் வரும்போது அவருடன் வருவது ஒரு பக்க உத்தரவு. பெயர், துறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, "பணியில் சேர்ந்த அறிக்கையை அனுப்பவும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அவருக்கு யார் கற்றுக்கொடுப்பார், இரவில் அவருக்கு மேலே யார் இருப்பார், எங்கே தங்குவார், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனைகள் நிறைய உண்டு. ஆனால் அது அங்கே இருக்கும் கண்காணிப்பாளரின் குணத்தால் நடக்கிறது. அவர் மாறுதலாகிப் போனால் நிலைமையும் மாறிவிடும்.

நம் மாநிலத்தில் இது இன்னும் சிக்கலாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் தாலுகா மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ். ஒரு பக்கம் டீன், இன்னொரு பக்கம் இணை இயக்குநர். மாணவருக்கு ஒரு பிரச்சினை என்றால் டீன் அலுவலகம் "அங்கே பேசுங்கள்" என்று சொல்லும். இங்கே "அவர் எங்கள் பணியாளர் இல்லையே" என்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அதிகாரம் அப்படிப் பிரிந்து கிடக்கிறது. தனியார் கல்லூரி மாணவர் என்றால் கேட்கவே வேண்டாம். அவருக்கு இந்த ஊரில் யாரையும் தெரிந்திருக்காது.

ஒப்பந்தத்தில் முதலில் எழுதப்பட வேண்டியது இரவு நேரத்து மேற்பார்வை. மாவட்ட நிபுணர்களின் கீழ் பயிற்சி பெற வேண்டும் என்று விதி சொல்கிறது. வெளிநோயாளி, உள்நோயாளி, கேஷுவாலிட்டி, இரவு டியூட்டி எல்லாம் மாணவரின் பணியில் சேரும் என்றும் சொல்கிறது. இரவு பன்னிரண்டு மணிக்கு அந்த நிபுணர் எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. மூன்றாவது பருவத்தில் வருபவர் படிப்பில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருக்கும். அவர் மயக்கவியல் மாணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப் பேறுகாலச் சிகிச்சை தரும் சீமாங்க் மையத்தில் அவசர சிசேரியன் ஒன்று வருகிறது. தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கிறது, ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன. முதுகில் ஊசி போடுவதா, முழு மயக்கம் கொடுப்பதா? இந்த முடிவை எடுக்கும் வயதும் அனுபவமும் அவருக்கு இன்னும் வரவில்லை. நிபுணர் போனில் இருக்கிறார் என்றால் போதுமா? போதாது. போனில் குரல் வரும், கை வராது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிரசவ மரணமும் தணிக்கைக்குப் போகிறது. அந்த அறையில் அன்றிரவு யார் இருந்தார் என்ற கேள்விக்கு இந்த மாணவரின் பெயர்தான் வரும்.

ஆகவே ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாசகம் வேண்டும்: "பயிற்சி மாணவர் எந்த நேரத்திலும் ஒரு பிரிவின் ஒரே மருத்துவராகப் பணியமர்த்தப்பட மாட்டார். அவருடைய துறை நிபுணர் ஒருவர் மருத்துவமனை வளாகத்தில் இருப்பார், அல்லது அழைத்த 20 நிமிடத்தில் நேரில் வருவார். அந்த நிபுணரின் பெயரும் எண்ணும் ஒவ்வொரு நாளின் டியூட்டிப் பட்டியலிலும் இருக்கும்." 20 நிமிடம் என்பது என் கணக்கு. நீங்கள் 15 என்று வைத்தாலும் சரி, துறைக்குத் துறை மாற்றினாலும் சரி. ஒரு எண் எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், அந்தத் துறையில் நிபுணரே இல்லாத மருத்துவமனைக்கு மாணவரை அனுப்பக்கூடாது. தோல் மருத்துவம் படிப்பவரைத் தோல் நிபுணர் இல்லாத இடத்துக்கு அனுப்பினால் அவர் மூன்று மாதமும் கேஷுவாலிட்டியில் தையல் போட்டுக்கொண்டிருப்பார். எங்களுக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருக்கும், அவருக்கு மூன்று மாதப் படிப்பு போய்விடும். 2020-இல் குறைந்தது 100 படுக்கை உள்ள அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்பலாம் என்று இருந்தது. 2023 விதிமுறை அதை 50 ஆக்கிவிட்டது. சிறிய மருத்துவமனைகளுக்கும் பயிற்சி மருத்துவர்கள் போவது நல்லதுதான். ஆனால் 50 படுக்கை மருத்துவமனையில் ஒரு துறைக்கு ஒரே நிபுணர்தான் இருப்பார், சில இடங்களில் அதுவும் இருக்காது. அவர் விடுப்பில் போனால் மாணவர் தனியாள். படுக்கை எண்ணிக்கையைத் தளர்த்திய போதே மேற்பார்வையை இறுக்கியிருக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். விபத்து, அடிதடி, விஷம் குடித்தது என்று வரும் ஒவ்வொருவரையும் விபத்துப் பதிவேட்டில், நாங்கள் ஏ.ஆர். என்று சொல்வோமே அதில், எழுத வேண்டும். எழுதிக் கையெழுத்திட்ட மருத்துவருக்குத்தான் பிற்பாடு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வரும். வழக்கு விசாரணைக்கு வர வருடக்கணக்காகும். அதற்குள் அந்த மாணவர் படிப்பை முடித்து எங்கோ வேலையில் இருப்பார், சிலர் வேறு மாநிலத்துக்கே போயிருப்பார்கள். சம்மன் எங்கள் மருத்துவமனை முகவரிக்கு வரும். அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், வரவில்லை என்றால் வாரண்ட் வரை போகும். மூன்று மாதம் பயிற்சிக்கு வந்தவர் மேல் இவ்வளவு நீண்ட சட்டப் பொறுப்பைச் சுமத்துவது நியாயமே இல்லை. பயிற்சி மாணவர் நோயாளியைப் பார்க்கட்டும், எழுதிப் பழகட்டும். ஏ.ஆர். பதிவிலும் காயச் சான்றிலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் கையெழுத்து நிரந்தரப் பணியில் உள்ள மருத்துவருடையதாக இருக்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் ஒரே வரியில் முடித்துவிடலாம்.

அதே போல, சிகிச்சையில் தவறு என்று புகார் வந்தால் யார் வழக்கறிஞர் வைப்பது? எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் காவல் நிலையப் புகாருக்கும், துறை விசாரணைக்கும், மருத்துவ கவுன்சில் புகாருக்கும் அந்தத் தீர்ப்பு தடையில்லை. மாணவர் மருத்துவமனையின் வேலையாகச் செய்ததற்கு மருத்துவமனையும் அரசும் பொறுப்பேற்கும், சட்ட உதவி தரும் என்று எழுதித் தாருங்கள்.

வேலை நேரத்துக்கு வருகிறேன். ரெசிடென்ட் மருத்துவர்களின் தொடர்ச்சியான டியூட்டி சாதாரணமாக ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-இலேயே வழிகாட்டியது. 2023 விதிமுறையோ நியாயமான வேலை நேரமும் நியாயமான ஓய்வும் தரப்படும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது, எத்தனை மணி நேரம் என்று சொல்லவில்லை. 2024-இல் ஆணையத்தின் மனநலப் பணிக்குழுவே வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 48 எங்கே, 74 எங்கே! இருந்தாலும் 74-ஐயாவது ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இப்போது மாணவர் எங்களிடம் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் வந்தாரா இல்லையா என்று மட்டும்தான் தெரியும், எப்போது போனார் என்று தெரியாது. இங்கிலாந்தில் 2016-இல் வந்த இளநிலை மருத்துவர் ஒப்பந்தத்தில், திட்டமிட்ட நேரத்துக்கு மேல் வேலை செய்தால் மருத்துவரே அதைப் பதிவுசெய்யலாம். அதைக் கவனிக்க ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகத்திலும் பாதுகாப்பான வேலை நேரத்துக்கென்று தனி அலுவலர் இருப்பார். அந்த அளவுக்கு நாம் போக நாளாகும். வாரம் ஒரு முறை மாணவர் தன் நேரக் கணக்கைக் கல்லூரிக்கு அனுப்பலாம், அதற்காக யாரும் அவரைக் கடிந்துகொள்ளக்கூடாது என்ற அளவிலாவது தொடங்கலாமே.

இப்போது எனக்கு மிகவும் உறுத்தும் இடம். தேர்வு எழுத வேண்டுமென்றால் எங்கள் சான்று வேண்டும். மாத ஸ்டைபண்டைக் கல்லூரிதான் தருகிறது, ஆனால் எங்களிடமிருந்து போகும் வருகைப் பதிவின்படிதான் தருகிறது. ஆக, ஒரு மாணவரின் தேர்வும் மாதச் சம்பளமும் எங்கள் கையில். எங்களுக்கு அவர் மேல் இவ்வளவு பிடி இருக்கும்போது, எங்கள் மேல் அவருக்கு என்ன பிடி இருக்கிறது? ஒன்றும் இல்லை. தங்கும் அறையில் தண்ணீர் வரவில்லை என்று கேட்கவும் தயங்குகிறார்கள். தொடர்ந்து இரண்டு இரவு டியூட்டி போட்டாலும் வாயைத் திறப்பதில்லை. நான் அறிந்த ஒரு மாணவி, கேஷுவாலிட்டியில் குடிபோதையில் வந்தவர்கள் மிரட்டியதைக் கூடத் தன் கல்லூரியில் சொல்லவில்லை. சான்று கிடைக்கும் வரை பொறுத்துக்கொள்வோம் என்று இருந்துவிட்டார். மூன்று மாதம்தானே என்று அவர்கள் நினைக்கிறார்கள். அடுத்து வருபவருக்கும் மூன்று மாதம்தான். அதனால் எந்தக் குறையும் யார் காலத்திலும் தீர்வதில்லை.

எனவே சான்று பற்றிய விதி தெளிவாக இருக்கட்டும். பயிற்சி முடிந்து ஏழு நாளில் சான்று தர வேண்டும். திருப்தி இல்லை என்று எழுதுவதானால், பாதிக் காலம் முடிவதற்குள் குறை என்னவென்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், மாணவரின் பதிலையும் வாங்கியிருக்க வேண்டும். மாணவர் அதை மறுத்தால் கல்லூரித் துறைத் தலைவரும் இன்னொரு மாவட்டத்தில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து பார்க்க வேண்டும். புகார் கொடுத்த காரணத்துக்காகச் சான்றை நிறுத்திவைக்க முடியாது. வருகைப் பதிவு மாதத்தின் கடைசி நாளில் போகவில்லை என்றால் முழு வருகை என்று எடுத்துக்கொண்டு ஸ்டைபண்டைக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒரு கடிதம் தாமதமானதற்கு அந்தப் பிள்ளை ஏன் வாடகைக்குக் கடன் வாங்க வேண்டும்?

தங்குமிடம், போக்குவரத்து, பாதுகாப்பு எல்லாவற்றையும் மாநில அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. நடைமுறையில் பல ஊர்களில் மாணவர்களே அறை தேடுகிறார்கள். பெண் மருத்துவர் இரவு டியூட்டி முடித்து எந்தக் கதவைத் திறந்து எங்கே போய்ப் படுக்கிறார் என்பதை யாராவது நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்களா? கொல்கத்தாவில் 2024 ஆகஸ்ட் 9 அன்று பயிற்சி மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டதும் தன் மருத்துவமனைக்குள், தன் டியூட்டி நேரத்தில்தான். அதே ஆண்டு நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு மூத்த மருத்துவரே கத்தியால் குத்தப்பட்டார். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2008-லேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் சம்பவத்துக்குப் பிறகு வேலை செய்யும். பூட்டுள்ள டியூட்டி அறை, வேலை செய்யும் விளக்கு, வாசலில் காவலர் ஆகியவை சம்பவத்துக்கு முன்பே இருந்தாக வேண்டும். மாணவர் வருவதற்கு முன் கல்லூரியிலிருந்து ஒருவர் நேரில் வந்து இவற்றைப் பார்த்து, இருக்கிறது என்று ஒப்பந்தத்தோடு இணைக்கும் தாளில் கையெழுத்திட வேண்டும்.

பாலியல் தொல்லை பற்றிய புகார் என்றால் எந்தக் குழுவிடம் போவது என்பதும் இன்று தெளிவாக இல்லை. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டத்தின்படி பணி நிமித்தம் போகும் இடமும் பணியிடம்தான். கல்லூரியில் ஒரு உள்ளகக் குழு, மருத்துவமனையில் ஒரு உள்ளகக் குழு. இரண்டில் எதனிடம் கொடுத்தாலும் செல்லும், ஒன்று இன்னொன்றிடம் போகச் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்பதும் எழுத்தில் வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, இரவில் சாவி யாரிடம் என்று முதல் நாளே மாணவருக்குச் சொல்ல வேண்டும். பிறகு வரும் பரிசோதனைகளுக்கு அவர் கல்லூரிக்குத் திரும்பியிருப்பார், ஆகவே தகவலும் அவரோடு போக வேண்டும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் ரெசிடென்ட் பயிற்சியை அங்கீகரிக்கும் ஏசிஜிஎம்இ அமைப்பு, தாய் நிறுவனத்துக்கு வெளியே கட்டாயப் பயிற்சி நடக்கும் ஒவ்வொரு இடத்துடனும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கேட்கிறது. யார் கற்றுக்கொடுப்பவர், அவருடைய மேற்பார்வை, மதிப்பீட்டுப் பொறுப்பு என்ன, எவ்வளவு காலம், என்ன கற்பிக்கப்படும், எந்த விதிகள் மாணவரைக் கட்டுப்படுத்தும் என்பதெல்லாம் அதில் இருப்பது நல்லது என்றும் சொல்கிறது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். சில பக்கத் தாள்தான், அதில் கோடிக்கணக்கில் செலவு எதுவும் கிடையாது.

எங்கள் தரப்பையும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால், எங்களால் செய்யக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும். காலையில் ஓபியில் கூட்டம் முடியவே மதியமாகிவிடும். அதன் பிறகு வார்டு, அப்புறம் காணொலிக் கூட்டங்கள், அறிக்கைகள். இதற்கு நடுவே கற்பிக்க நேரம் எங்கிருந்து வரும்? மாவட்ட நிபுணர்களுக்குக் கற்பித்தல் நேரம் வாரத்துக்கு இத்தனை மணி என்று ஒதுக்கி, அந்த நேரத்தில் ஓபி வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும். கற்பிக்கும் பொறுப்பு பணிக்குறிப்பில் ஏற வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் மாதம் ஒரு முறையாவது நேரில் வந்து எங்களோடு ரவுண்ட்ஸ் போக வேண்டும். போன் தொடர்பும் வாட்ஸ்அப் குழுவும் அதற்கு ஈடாகாது. அவர் வந்தால் மாணவருக்கும் பயன், எங்களுக்கும் பயன். இருபது வருடம் முன்பு படித்ததை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும் பலர் எங்களில் உண்டு. புதிதாகக் கற்க எங்களுக்கும் ஆசை இருக்கிறது.

ஒப்பந்தம் என்று வந்தால் மருத்துவமனைகள் மாணவர்களை ஏற்கத் தயங்கும், அவசரத்துக்கு ஆளைப் பயன்படுத்த முடியாது என்று ஒரு வாதம் வரும். கேட்டிருக்கிறேன். பற்றாக்குறை உண்மை, நானும் அதில்தான் வேலை செய்கிறேன். அந்தக் காலியிடங்களை நிரப்புவது அரசின் கடமை. படிக்க வந்தவரை அந்த இடத்தில் நிறுத்தினால், இடம் காலியாக இருப்பதே கணக்கில் தெரியாமல் போகும். மாணவர் இல்லாத வாரத்தில் எங்கள் வார்டு ஓட முடியவில்லை என்றால், எங்களுக்கு இன்னொரு மருத்துவர் தேவை என்று அர்த்தம். அதைத் தனிக் கோப்பில் கேட்போம்.

மாதிரிப் படிவத்தை வெளியிட்டுக் கட்டாயமாக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது. இரண்டு இயக்குநர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, யார் எதற்குப் பொறுப்பு என்று ஒரே அரசாணையில் எழுத மாநிலத் துறையால் முடியும். அதில் மாணவர்கள் சார்பில் ஒருவரும் மாவட்ட மருத்துவர்கள் சார்பில் ஒருவரும் உட்கார வேண்டும். எங்கள் மருத்துவமனையில் நாங்கள் ஏற்கெனவே ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறோம். மேற்பார்வை, ஏ.ஆர். கையெழுத்து, சான்று, தங்குமிடம் நான்குக்கும் வாசகங்கள் தயார். கேட்டால் மறுநாளே அனுப்புகிறோம். அடுத்த அணிக்கான உத்தரவு வெளிவருவதற்கு முன் இதை முடித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ நிபுணர்